பாப்பாவுக்கு, அந்த மூடியைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நலம். மாடிப்படிக் கைப்பிடியைச் சரிசெய்தாகிவிட்டது. உன் தம்பி வந்துவிட்டுப் போனான், அந்தக் கதை அப்புறம். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று பேச்சை மாற்றிவிடுவாய், எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் கடிதம்.

ஐந்து வாரமாகக் கேமரா போடாமல் பேசுகிறாய். முதல் வாரம் நெட் சரியில்லை என்றாய், அடுத்த வாரம் சார்ஜ் இல்லை என்றாய். மூன்றாவது வாரத்திலிருந்து நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

கடைசியாக உன் முகத்தைப் பார்த்த அன்று, பேசிக்கொண்டே ஒரு ஜாடி மூடியைத் திறக்கப் பார்த்தாய். முதலில் வெறுங்கையால். பிறகு துணியைச் சுற்றி. பிறகு ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு. மூடி அசையவே இல்லை. ஒன்றும் சொல்லாமல் சின்னவனிடம் நீட்டினாய், அவன் ஒரே திருகில் திறந்து வைத்துவிட்டு ஓடினான். அப்போதுதான் உன் மணிக்கட்டைப் பார்த்தேன். வாட்ச் நழுவி முழங்கைக்குப் பாதி தூரம் போயிருந்தது. "என்னம்மா இப்படி இளைச்சிட்டே" என்று வாய் தவறிக் கேட்டேன். "ஆறு கிலோ குறைச்சிட்டேன்ப்பா. வயிறு மட்டும் போகவே மாட்டேங்குது" என்று சிரித்தாய். ராத்திரிச் சாப்பாட்டை விட்டு நாலு மாதம் ஆகிறது என்றும் சொன்னாய், ஏதோ சாதித்துவிட்டதைப் போல.

அது நாலு கிலோ இரும்புக் குண்டை எறிந்து கோப்பை வாங்கி வந்த கை, பாப்பா. கோப்பை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, நான்தான் துடைத்து வைக்கிறேன்.

அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். நாற்பது வருடம் கணக்கு எழுதியவன் நான். பேரேட்டில் மொத்தம் போன வருடம் போலவே இருக்கிறது என்று நிம்மதியாகிவிடக் கூடாது, தலைப்பு தலைப்பாகப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உடம்பும் அப்படித்தான் என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். முப்பது வயதுக்கு மேல் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறதாம், அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. போன தசையின் இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொண்டால் எடைக்கருவி அதே எண்ணைத்தான் காட்டும். நாமும் ஒன்றும் மாறவில்லை என்று இருந்துவிடுவோம். கொழுப்பு தசைக்கு நடுவிலேயே கூடப் படிகிறது. வெளியே தொடை அதே அளவில் இருக்க, உள்ளே வலு மட்டும் இறங்கிக்கொண்டே போகும்.

இப்போது நீ செய்வதைப் பார். பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால், குறைகிற எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பு அல்ல, தசையும் அதைச் சேர்ந்ததும்தான். உன் ஆறு கிலோவில் ஒன்றரைக் கிலோ அந்த மணிக்கட்டிலிருந்தும் தொடையிலிருந்தும் போயிருக்கும். பட்டினியை நிறுத்தியதும் எடை திரும்பி ஏறுமே, அப்போது பெரும்பாலும் கொழுப்பாகத்தான் ஏறும். இப்படி இரண்டு மூன்று தடவை இறங்கி ஏறினால் எடை பழைய இடத்திலேயே நிற்கும், தசை மட்டும் போயிருக்கும். எடை குறைக்க ஊசி போட்டுக்கொள்கிறார்களே, அதிலும் தசை சேர்ந்துதான் கரைகிறது. நீ போடுகிறாயா என்று நான் கேட்கவில்லை. போட்டால் டாக்டர் பார்வையில் போடு, வேளை தவறாமல் சாப்பிட்டுக்கொண்டு போடு.

அப்புறம் அந்த வயிறு. இதை அப்பா எழுதினால் உனக்குக் கூச்சமாக இருக்கும். அம்மா இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லி முடித்திருப்பாள். உனக்கு 48 நடக்கிறது. மாதவிடாய் நிற்கப்போகிற காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் இறங்குகிறது. அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு அதன் பிறகு வயிற்றுக்குள், குடலையும் ஈரலையும் சுற்றிச் சேர ஆரம்பிக்கிறது. ஆண்களுக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோன் வருடத்துக்கு ஒரு சதவீதம் போல இறங்கிக்கொண்டே வருகிறது. என் வயிறும் அப்படி வந்ததுதான். சுவீடனில் 54 பேரைச் சராசரியாக 13 வருடம் பின்தொடர்ந்து 2019-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வயது ஏற ஏற, கொழுப்புச் செல்கள் உள்ளே இருப்பதை வெளியே விடுகிற வேகம் எல்லாருக்குமே குறைந்திருக்கிறது, இளைத்தவர்களுக்கும் குறைந்திருக்கிறது, பெருத்தவர்களுக்கும் குறைந்திருக்கிறது. கொழுப்புச் செல்களின் எண்ணிக்கையோ பெரியவர்களான பிறகு அநேகமாக மாறுவதே இல்லை. இளைத்தால் செல் சுருங்கும், ஒழியாது. வயிற்றுப் பயிற்சி இருநூறு தடவை செய்தாலும் வயிற்றிலிருந்து மட்டும் எடு என்று உடம்புக்கு உத்தரவு போட முடியாது. உன் மனவுறுதியில் குறை எதுவும் இல்லை. சின்ன வயதிலிருந்தே தப்பெல்லாம் தன்னுடையது என்று எடுத்துக்கொள்கிறவள் நீ, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வயதானால் உடம்பு சக்தியை எரிப்பது குறைந்துவிடும், அதனால் சாப்பாட்டைக் குறை என்று உனக்கு நானே சொல்லியிருக்கிறேன். அதுவும் தப்பு. 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களை, பிறந்து 8 நாளான குழந்தை முதல் 95 வயதுக்காரர் வரை, அளந்து 2021-இல் எழுதியிருக்கிறார்கள். உடம்பின் அளவையும் அதிலுள்ள தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயதிலிருந்து 60 வரை எரிப்பு மாறுவதே இல்லை. அறுபதுக்கு மேல்தான் வருடத்துக்கு 0.7 சதவீதம் குறைகிறது. ஆக, உன் வயதில் குறைவது எரிப்பல்ல, எரிக்கிற தசை. அதைப் பட்டினி போட்டு இன்னும் குறைக்கலாமா? சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் ஒரு பெரிய பங்கை வாங்கி வைத்துக்கொள்வதும் தசைதான். அம்மாவுக்குச் சர்க்கரை எப்போது வந்தது என்று உனக்கு நினைவிருக்கும்.

ராத்திரி சாப்பிடு. எத்தனை தடவை சொல்வது என்று நினைக்காதே. வயதாக ஆகத் தசை, சாப்பாட்டில் வரும் புரதத்துக்குச் சட்டென்று இசைவதில்லை. இளவயதுத் தசை கொஞ்சத்துக்கே வளரும், நம்முடையதுக்கு வேளைக்கு வேளை கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 65 தாண்டியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். உனக்கும் அதை ஒட்டி இருந்தால் நல்லது என்பது என் எண்ணம். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு கூட்டு. ஆனால் புரதம் மட்டும் போதாது, தசைக்குப் பாரம் வேண்டும். நடக்கிறேன் என்கிறாய், நல்லதுதான், நட. ஆனால் நடையால் ஈடுகட்ட முடியாத இழப்பு ஒன்று உண்டு. தசையை இயக்கும் நரம்பணுக்கள் வயதோடு ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. முதலில் நலிவது வேகமாக இழுக்கும் இழைகள். கால் இடறினால் அடுத்த காலைச் சட்டென்று முன்னால் போட்டு நம்மைத் தாங்குவது அவைதான். அவற்றை எழுப்ப, தூக்கிச் சிரமப்படுகிற அளவுக்குப் பாரம் வேண்டும்.

வயதோடு தசை கரைகிற இதற்கு ஒரு பெயரே 1989-இல்தான் வைத்தார்கள், நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது. சார்கோபீனியா. கிரேக்கத்தில் சதைக்கு வந்த வறுமை என்று பொருள். அதுவரை எல்லாரும் அதை முதுமை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன், அம்மாவுக்கு.

பாப்பா, இதை இத்தனை வருடமாக நாம் பேசவே இல்லை.

2011-இல் அவள் விழுந்தபோது எலும்பு முறியவில்லை. அடி மட்டும்தான். எழுந்து உட்காரலாம், மெல்ல நடக்கலாம் என்று டாக்டரும் சொன்னார். நான்தான் எழ விடவில்லை. தண்ணீர் கேட்டால் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தலையைத் தூக்கிப்பிடித்துப் புகட்டினேன். கழிப்பறைக்குக் கூடப் போக விடவில்லை, கட்டிலுக்கே கொண்டுவந்தேன். அவள் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி, "நான் இருக்கும்போது நீ எதுக்கு எழுந்திருக்கணும்" என்பேன். ஊரே என்னை மெச்சியது. பெண்டாட்டியை இப்படித் தாங்குகிறவன் உண்டா என்றார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, பாப்பா. இன்றைக்கு அதை நினைத்தால் கூசுகிறது.

நீ பத்து நாள் லீவில் வந்தாய். வந்த மூன்றாம் நாளே, "அம்மாவை நடக்க விடுங்கப்பா, காலைப் பாருங்க" என்றாய். போர்வையை விலக்கிக் கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டினாய். கைக்குள் தொளதொளவென்று வந்தது. நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "பத்து நாள் வந்து போறவளுக்கு என்ன தெரியும்" என்றேன். நீ அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. போகும்போது அவள் காலடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய். நான் வாசலில் நின்றுகொண்டு நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்தினேன்.

போன மாதம்தான் படித்தேன். 2007-இலேயே எழுதியிருக்கிறார்கள். சராசரியாக 67 வயது, நல்ல ஆரோக்கியம், நோய் நொடி இல்லாதவர்கள். அவர்களைப் பத்தே நாள் படுக்கையில் இருக்கவைத்துப் பார்த்தால், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்தது. பத்தே நாளில். நான் அவளை ஆறு வாரம் படுக்க வைத்திருந்தேன். அதற்குப் பிறகு அவள் வாசல் வரை நடந்து நான் பார்க்கவில்லை. நீ சொன்னதுதான் சரி. அன்றைக்கே அது உனக்குத் தெரிந்திருந்தது. இதைச் சொல்ல எனக்குப் பதினான்கு வருடம் ஆகியிருக்கிறது. மன்னிச்சிரு.

அவளுக்குப் பாசத்தால் செய்ததை, நீ உனக்கே கோபத்தால் செய்துகொள்கிறாயோ என்றுதான் பயமாக இருக்கிறது. பாசத்திலும் கோபத்திலும் தசை ஒன்றுபோலத்தான் கரைகிறது.

முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதே. 1990-இல் ஒரு முதியோர் இல்லத்தில், 90 வயதை ஒட்டிய பத்துப் பேரை வைத்து 8 வாரம் கால்களுக்குப் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில் முடியும் என்றால் உனக்கு முடியாதா? வாரத்துக்கு இரண்டு நாள் போதும். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போய்க் கற்றுக்கொண்டு ஆரம்பி. சாப்பிட்டுவிட்டு ஆரம்பி.

நான் ஆரம்பித்துவிட்டேன். செவ்வாயும் வெள்ளியும். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும், ஒருவர் நேரம் பார்க்க வேண்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்பது ஆசியாவுக்கான கணக்கு. முதல் நாள் எனக்கு 19 ஆயிற்று, ஐந்தாவது தடவை எழும்போது தொடை உதறியது. போன வெள்ளி 14. எழுந்து உட்காருவது ஜன்னல் பக்கத்து நாற்காலியில்தான். நீ தூக்கிப் போடச் சொன்னாய், எனக்கு மனது வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போலக் கூப்பிடுகிறேன். நீ கேமரா போட வேண்டாம், நான் போடுகிறேன். போனை மேசையில் நிறுத்திவைத்துவிட்டு நாற்காலிக்குப் போகிறேன். நீ வாட்சைப் பார்த்து நொடி எண்ணு. சத்தமாக எண்ணு, எனக்குக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா