கண்மாய்க் கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம்.

சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊர்ப் பாசன ஏரியான கண்மாயைச் சுற்றி அமைந்த நான்கு பள்ளிகளில் நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் 240 பிள்ளைகளை, வரும் கல்வியாண்டில் ஒவ்வொருவரும் ஐந்து முறையேனும் கண்மாய்க்குள்ளும் கரையிலும் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களிலும் நடந்து பார்த்து, பார்த்ததைத் தம் கையால் எழுதி வைக்கும்படி செய்ய வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். கண்மாய் நீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டு விவசாயிகள், பெற்றோர், ஆசிரியர்கள், இப்பள்ளிகளில் படித்து வெளியூர் சென்றவர்கள் ஆகியோர் சேர்ந்து அமைத்த குழு இது. ஓராண்டுக்கான செலவு ரூ. 4,00,000 என மதிப்பிட்டுள்ளோம். ஊரில் உள்ள 395 தலைக்கட்டுக் குடும்பங்களும் குடும்பத்துக்கு ரூ. 300 வீதம் கொடுத்ததில் ரூ. 1,18,500 சேர்ந்துள்ளது. மீதமுள்ள ரூ. 2,81,500-க்காகவே இந்த வேண்டுகோளைத் தங்கள் முன் வைக்கிறோம்.

இந்த எண்ணம் எங்களுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுவது முறை. எங்கள் பிள்ளைகளில் பலர் ஈரநிலம் என்றால் என்ன என்ற கேள்விக்குத் தேர்வில் முழு மதிப்பெண் பெறுகிறார்கள். ஆனால் பள்ளியின் பின்சுவருக்கு அப்பால் கிடக்கும் கண்மாய்க் கரையில் அவர்கள் ஏறியதே இல்லை. கைபேசிதான் காரணம் என்று குழுவின் முதல் கூட்டத்தில் நாங்களும் பேசினோம். பிறகு வீடு வீடாகச் சென்று தாய்மார்களைக் கேட்டபோது வந்த விடைகள் வேறு. வண்டல் அள்ளிய இடங்களில் ஆளுயரப் பள்ளங்கள் இருக்கின்றன, தண்ணீர் நிறைந்துவிட்டால் எது தரை, எது பள்ளம் என்று தெரிவதில்லை என்றார்கள். சீமைக் கருவேலம் அடைத்த பாதையில் பெண் பிள்ளையைத் தனியே விட முடியாது என்றார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஆடு மேய்த்தவரும் மீன் பிடித்தவரும் களை எடுத்தவரும் நாள் முழுதும் அங்கே இருந்ததால், நூறு கண்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது அங்கே ஆளில்லை என்று ஒரு பாட்டி சொன்னார். அச்சம் நியாயமானது. அதைக் குறை சொல்லாமல், அதற்கு விடை தேடுவதே எங்கள் வேலை என்று அன்று முடிவு செய்தோம்.

இது அரசு செய்ய வேண்டிய காரியம் அல்லவா, ஊரில் ஏன் பணம் திரட்ட வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நல்ல கேள்வி. அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் அரசமைப்புச் சட்டத்தில் சேர்ந்த 51ஏ(ஜி) பிரிவு, இயற்கைச் சூழலைப் பாதுகாப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. காடு, ஆறு, கானுயிர் ஆகியவற்றோடு ஏரிகளையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்பது கண்மாய்ப் பாசனத்தில் வாழும் எங்களுக்கு மகிழ்ச்சி தருவது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கட்டாயப் பாடமாக்க வழி செய்யும்படி ஆணையிட்டது. அது ஏட்டளவில் நின்றதால் 2003 டிசம்பரில் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. இதற்கிடையில், 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 29ஆவது பிரிவு, குழந்தைக்குத் தரும் கல்வி இயற்கைச் சூழலின்மீது மதிப்பை வளர்ப்பதாக இருக்க வேண்டும் என்கிறது. 2001-02இல் தொடங்கிய தேசிய பசுமைப் படை வழியாகப் பல பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் வந்தன. பள்ளியிலேயே காய்கறித் தோட்டம் அமைத்து, அதன் விளைச்சலை மதிய உணவில் சேர்ப்பதற்கான வழிகாட்டுதலை மத்தியக் கல்வித் துறை 2019இல் வெளியிட்டது.

இவற்றில் எதையும் நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. எங்கள் பள்ளி ஒன்றின் முருங்கையும் கீரைப்பாத்தியும் இந்த முயற்சிகளின் பயனே. ஆனால் சட்டமும் ஆணையும் பாடநூல்வரை வந்துவிட்டன, மன்றம் பள்ளி வளாகம்வரை வந்துவிட்டது. தொலைவில் உள்ள பள்ளிகளின் வாசலிலிருந்து கண்மாய்க் கரைவரை உள்ள இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு எந்தத் தலைப்பிலும் பணமில்லை. மன்றத்துக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் சில ஆயிரம் ரூபாய், மரக்கன்றுக்கும் ஓவியப் போட்டிப் பரிசுக்கும் சரியாகப் போய்விடுகிறது. சென்ற ஆண்டு ஒரு பள்ளியில் ஆசிரியர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் வேன் பேசி முப்பது பிள்ளைகளை அழைத்து வந்தார். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் எங்களுக்கு எப்போது என்று கேட்டபோது அவரிடம் விடையில்லை.

இந்த இடைவெளி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 2015இல் ஒபாமா அரசு, நான்காம் வகுப்பில் படிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் குடும்பத்துக்கும் தேசியப் பூங்காக்கள் உள்ளிட்ட மத்திய அரசு நிலங்களில் ஓராண்டு இலவச நுழைவுச் சீட்டு வழங்கியது. 2019இல் அது சட்டமாகவே ஆனது. இருந்தும், சீட்டுக் கையில் இருந்தால் மட்டும் பூங்காவுக்குப் போய்விட முடிவதில்லை. எனவே அந்நாட்டின் தேசியப் பூங்கா அறக்கட்டளை, பள்ளிப் பிள்ளைகளின் பயணச் செலவுக்காகத் தனியாரிடம் நன்கொடை திரட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே வண்டி வாடகைக்குக் கை நீட்ட வேண்டியிருக்கிறது என்று அறிந்தபோது, உண்மையைச் சொன்னால், எங்களுக்கு இருந்த கூச்சம் சற்றுக் குறைந்தது.

நம் பக்கத்திலேயே பாடமாகக் கொள்ளத்தக்க ஓர் ஊரும் இருக்கிறது. திருப்பத்தூர் வட்டத்தில் உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. வெடி வேண்டும் என்று அழாமல் ஒரு பிள்ளை வளர்வதற்கு எந்தச் சட்டமும் போதாது. அந்தப் பிள்ளை தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே கூட்டையும் குஞ்சையும் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கண்மாய் சரணாலயம் அன்று, ஆவதற்கு ஆசைப்படவும் இல்லை. ஆனால் அந்தப் பார்வைப் பழக்கம் எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

ஐந்து பயணங்களையும் கண்மாயின் போக்கை ஒட்டியே வகுத்திருக்கிறோம். முதல் பயணம் ஆடியில். அப்போது கண்மாய் வறண்டு வெடித்துக் கிடக்கும். பார்க்க ஒன்றுமில்லை என்று தோன்றும் அந்த நேரத்தில்தான் வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, தண்ணீர் திறந்துவிடும் மடை எங்கே, மிகுந்த நீர் வழியும் கலுங்கு எதற்கு என்பவற்றை நடந்து பார்த்து விளங்கிக்கொள்ள முடியும். எங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சி அன்று பாடம் நடத்துவார். எந்த வயலுக்கு எந்த முறையில் தண்ணீர் விடுவது என்ற கணக்கை எழுதாமல் மனத்தில் வைத்திருப்பவர் அவர். இரண்டாவது ஐப்பசியில், முதல் மழை விழுந்தபின், தவளைக் குரலையும் மண்ணில் ஊரும் சிவப்புப் பட்டுப்பூச்சியையும் காண. மூன்றாவது மார்கழியில். கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் பாம்புத்தாராவும் நீர்க்காகமும் வக்காவும் அடையும் காலம் அது. அந்த ஒரு பயணத்துக்காகவே பைனாகுலர் வாங்க வேண்டியிருக்கிறது. நான்காவது மாசியில், அறுவடை வயலிலும் கரை மரங்களின் அடியிலும் விதை பொறுக்குவதற்கு. கடைசிப் பயணம் பங்குனியின் தொடக்கத்தில். தண்ணீர் வடிந்த சேற்றில் நத்தைகுத்தி நாரை நத்தையைத் தேடிப் பிடிக்கும் விதத்தைப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்களில் சிலருக்கே அது முடியுமா என்பது ஐயம்.

இந்த ஐந்து நாளும் எழுதிய குறிப்பேடுகளிலிருந்து பிள்ளைகளே தேர்ந்தெடுத்த பகுதிகளை, மார்ச் 22ஆம் நாள் உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் அவர்களே வாசிக்க ஊராட்சி இசைந்துள்ளது. எங்கே பள்ளம் ஆழமாக இருக்கிறது, எந்த மடை கசிகிறது என்பன அதில் வரும். பெரியவர்கள் விடை சொல்ல வேண்டியிருக்கும். ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைக் குழு 2023இல் சுற்றுச்சூழல் குறித்து வெளியிட்ட 26ஆவது பொதுக் கருத்துரை, சூழல் தொடர்பான முடிவுகளில் குழந்தைகளின் குரலைக் கேட்க வேண்டும் என வலியுறுத்துகிறது. எங்கள் அளவில் அதைச் செய்து பார்க்கும் இடம் கிராம சபைதான்.

இனிச் செலவு. முப்பது முப்பது பேராக எட்டு அணிகள், அணிக்கு ஐந்து பயணம், ஆக நாற்பது நாள்கள். எட்டு அணிகளுள் இரண்டு நடந்தே வந்துவிடும் தொலைவில் உள்ளவை. எஞ்சிய முப்பது நாளுக்கு வேன் வாடகை நாளொன்றுக்கு ரூ. 2,500 வீதம் ரூ. 75,000 ஆகிறது. பறவையும் பூச்சியும் தெரிந்த உள்ளூர் இளைஞர் ஒருவரையும் இளம்பெண் ஒருவரையும் களவழிகாட்டிகளாகப் பத்து மாதம் அமர்த்த, ஆளுக்கு மாதம் ரூ. 6,000 வீதம் ரூ. 1,20,000. இதைக் குறைக்கலாமே என்று குழுவிலேயே விவாதம் நடந்தது. தொண்டாகச் செய்யச் சொன்னால் இரண்டாம் மாதமே அவர்கள் திருப்பூருக்கு வேலை தேடிப் போய்விடுவார்கள் என்பதால் குறைக்கவில்லை. இருபது பைனாகுலர்களுக்கு ரூ. 90,000. மிதவை வளையம், கயிறு, முதலுதவிப் பெட்டி, பள்ளங்களைச் சுற்றி நடும் எச்சரிக்கைக் கற்கள் ஆகியவற்றுக்கு ரூ. 35,000, இந்தக் கற்கள் நட்டு முடியும்வரை எந்தப் பிள்ளையும் கண்மாய்க்குள் இறங்காது. பொறுக்கிய விதைகளை முளைக்க வைக்கும் நாற்றங்காலுக்கு ரூ. 40,000, குறிப்பேடுகளுக்கும் வண்ணப் பென்சில்களுக்கும் ரூ. 24,000, மோர், சுண்டல், தொப்பி ஆகியவற்றுக்கு ரூ. 16,000.

கண்மாயின் உள்ளேயோ கரைமீதோ எந்தக் கட்டடமும் எழுப்ப மாட்டோம். இது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ள நீர்நிலை. அதில் கட்டக் கூடாது, கட்டவும் தேவையில்லை. சிமெண்ட் யானை, வண்ண வளைவு, நன்கொடையாளர் பெயர்க் கல் எதுவும் வராது. பெயர்க் கல்லை எதிர்பார்க்கும் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். ஒவ்வொரு பயணமும் கண்மாயை அடுத்த பள்ளியில் தொடங்கி அங்கேயே முடியும். கழிப்பறையும் குடிநீரும் அங்கே உள்ளன. ஒரு பயணத்தில் இரு களவழிகாட்டிகளுடன் ஆசிரியர் ஒருவரும் தாய்மார் இருவரும் உடன் வருவார்கள்.

ஒரு நாள் வேன் வாடகையான ரூ. 2,500, ஒரு பைனாகுலருக்கான ரூ. 4,500, ஒரு பிள்ளையின் குறிப்பேட்டுக்கான ரூ. 100 என எந்த அளவிலும் நன்கொடை தரலாம். பயன்படுத்திய நல்ல பைனாகுலர் இருந்தால் அதையும் மகிழ்வுடன் பெற்றுக்கொள்வோம். ஒவ்வொரு தொகைக்கும் பொருளாளர், செயலாளர் இருவரும் கையொப்பமிட்ட ரசீது வழங்கப்படும். குழுவின் கூட்டுக் கணக்கில் மட்டுமே பணம் ஏற்கப்படும். தனி ஆள் கையில் தர வேண்டாம். எங்களுக்கு 80ஜி என்று வழங்கும் வருமான வரிச் சலுகைப் பதிவு இல்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் எங்கள் ஊரார்க்கு ஒரு குறிப்பு. இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடமிருந்து பணம் பெற, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு வேண்டும். அது எங்களிடம் இல்லை. ஆகவே அவர்கள் அனுப்ப வேண்டாம். உள்ளூர் உறவினர் பெயரில் சுற்றி அனுப்பவும் வேண்டாம். ஊருக்கு வரும்போது ஒரு மார்கழிக் காலையில் பிள்ளைகளோடு கரைக்கு வந்து, தாம் சிறுவயதில் அந்தக் கண்மாயில் கண்டவற்றை அவர்களுக்குச் சொன்னால் போதும்.

வைகாசி முடிவதற்குள் தொகை சேர்ந்தால்தான் ஆடிப் பயணத்துக்கு முன் கற்களை நட முடியும். முழுத்தொகை சேராவிட்டால் முதலில் கற்களுக்கும், அடுத்து களவழிகாட்டிகளுக்கும், அதன்பின் வேனுக்கும் ஒதுக்குவோம், பைனாகுலர் காத்திருக்கட்டும். வரவு செலவுக் கணக்கு ஆகஸ்ட் 15ஆம் நாள் கிராம சபையிலும், இறுதிக் கணக்கு அடுத்த மே 1ஆம் நாள் கிராம சபையிலும் வாசிக்கப்படும்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கண்மாய்க் களக்கல்விக் குழு