செயலாளரின் ஆண்டறிக்கை 2024/2025: டயர் மாற்றிய வருடம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களான அண்ணன்மாரே, தம்பிமாரே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நமது மோட்டார் சைக்கிள் சங்கம் செய்த வேலைகளை இங்கே வாசிக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழமைபோல் ஹட்டனில் நடந்தன. பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் போகும் ஓட்டத்தை மழை காரணமாகத் தள்ளி வைத்து, பிறகு நல்லபடியாக நடத்தி முடித்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார்.

இந்த வருடம் நாம் அதிகம் பேசியதும் அதிகம் கை வைத்ததும் டயரில்தான். அதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. அதற்கு முன் வாங்கிய ரோயல் என்பீல்ட் கிளாசிக்கையும் புல்லட்டையும்தான் நம்மில் பெரும்பாலோர் இன்னும் ஓட்டுகிறோம். 2022 இல் பெற்றோல் வரிசை நீண்ட மாதங்களில் பல வண்டிகள் லயத்துக் கொட்டிலில் அசையாமல் நின்றன. ஒரே இடத்தில் காற்றிறங்கி நிற்கும் டயருக்கு அது நல்லதல்ல. ரூபா விழுந்தது, டயர் விலை ஏறியது. இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று தேய்ந்ததோடேயே இழுத்தோம். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்தாலும் புது வண்டியின் விலை நமக்கு எட்டுகிற மாதிரி இல்லை. கையில் இருக்கிற வண்டிக்கு ஒழுங்கான டயர் போடுவதுதான் நம் முன் இருந்த வேலை.

தென்மேற்கு மழை பிடிக்கும் முன், மே மாதத்தில், டயர் பார்க்கும் நாள் ஒன்றை ஹட்டனில் வைத்தோம். கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் அங்கத்தவர்கள் வந்தார்கள். அன்று பார்த்த இரண்டு வண்டிகளைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஒன்று, ஒரு தம்பியின் கிளாசிக். பின் டயரில் கோடுகள் ஆழமாக, புது டயர் போலவே இருந்தன. மழையில் மட்டும் வண்டி வாலை ஆட்டுகிறது என்றார். சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பார்த்தோம். கோடுகளின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள். நகத்தால் அழுத்தினால் ரப்பர் கொஞ்சமும் அமுங்கவில்லை. பக்கச் சுவரில் டொட் (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கம் 3215. அதாவது 2015 ஆம் ஆண்டின் 32 ஆவது வாரத்தில் செய்த டயர். புதுசு என்று நம்பிக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். கடையில் எத்தனை வருடம் கிடந்ததோ. ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடா வருடம் சோதிக்க வேண்டும், பத்து வருடம் தாண்டியதைக் கோடு எவ்வளவு இருந்தாலும் கழற்ற வேண்டும் என்று டயர் கம்பனிகளே சொல்கின்றன. நம் குளிரில் கெட்டியான ரப்பர் சூடேறுவதற்குள் இறக்கமே முடிந்துவிடும். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் சரி, ஊர்க் கடையில் வாங்கினாலும் சரி, காசை நீட்டும் முன் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மற்றது, ஒரு அண்ணன் அழகுக்காகப் பின்னால் 140/70-18 போட்ட வண்டி. 2020 க்கு முந்திய கிளாசிக் 350 களில் பெரும்பாலானவற்றுக்குக் கம்பனி கொடுத்தது முன்னால் 90/90-19, பின்னால் 110/90-18. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீற்றரில். அடுத்தது, அந்த அகலத்தில் எத்தனை வீதம் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் அங்குல அளவு. கணக்குப் போட்டால் 110/90 இன் உயரம் 99 மில்லிமீற்றர், 140/70 இன் உயரம் 98. உயரம் ஒன்றுதான், ஆகவே பொருந்தும் என்று கடையில் சொல்லிவிடுகிறார்கள். அகலத்தில் 30 மில்லிமீற்றர் கூடியதைப் பற்றிப் பேச்சில்லை. அண்ணனின் செயின் கவரின் உள் பக்கத்தில் டயர் உரசி உரசி வெள்ளிக் கோடு விழுந்திருந்தது. அதைவிட மோசமானது கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒன்று. ஒடுக்கமான ரிம்மில் அகலமான டயர் ஏறும்போது அதன் இரு ஓரமும் உள்ளே இறுகி, நடு முதுகு கூராகிறது. ரோட்டைத் தொடும் ரப்பர் கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது. முடக்குகளில் வண்டியைச் சாய்க்கக் கைக்குப் பாரமாகவும் இருக்கும். பத்தனையிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் பாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டு அவரே கழற்றித் தந்தார்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு முன், பின் இரண்டும் 3.25-19. இது அங்குலக் கணக்கு. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 90/90-19 க்குச் சமம். அளவு கிடைக்கவில்லை என்றால் இந்த மாற்றைக் கேட்கலாம். ஆனால் மாற்றும் முன் மட்காட்டுக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். அளவுக்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும் பாரத்துக்கும் வேகத்துக்கும் உரியவை. 52 என்றால் 200 கிலோ, 62 என்றால் 265 கிலோ, பி (P) என்றால் மணிக்கு 150 கிலோமீற்றர். நம் பாதையில் வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. பாரம்தான் பார்க்க வேண்டியது. வண்டியே 190 கிலோவுக்கு மேல். அதன் பின்னால் வீட்டுக்காரம்மாவும் சாமான் பையும் ஏறுகின்றன.

கோட்டு வடிவத்தைப் பற்றிக் கூட்டத்தில் நீண்ட வாதம் நடந்தது. டயகம, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தம்பிமார் தோட்டப் பாதையின் கல்லுக்கும் சேற்றுக்கும் கட்டை கட்டையாக இருக்கும் டயர்தான் வேண்டும் என்றார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த டயரில் கட்டைகளுக்கு இடையே வெற்றிடம் அதிகம், நனைந்த தார் ரோட்டில் ஒட்டும் ரப்பர் குறைவு. நிழல் விழும் முடக்குகளில் பாசி, ஏற்றத்தில் பஸ் சிந்திய டீசல், தோட்டப் பாதை வாயிலில் லொறி இழுத்து வந்த சேறு, இவை மூன்றும் நமக்குத் தினசரி. என் கருத்து இதுதான்: தோட்டத்துக்குள்ளேயே பாதி ஓட்டம் உள்ளவர்கள் லேசான கட்டை வடிவத்தை முன்னும் பின்னும் சோடியாகப் போடட்டும். மற்றவர்களுக்கு ஆழமான கோடுள்ள ரோட்டு டயரே சரி. முன்னுக்கு ஒரு கம்பனி, பின்னுக்கு வேறொரு இனம் என்று கலக்க வேண்டாம். அம்புக்குறி சுற்றும் திசைக்குப் பொருந்துகிறதா என்று பூட்டும்போது கூடவே நின்று பாருங்கள்.

துரைமார் காலத்து ட்ரையம்ப்பைத் திருத்தி வைத்திருக்கும் மூத்த அங்கத்தவர் ஒருவர், அந்தக் காலத்து வடிவமே வேண்டும் என்று நின்றார். அவர் கேட்டது டன்லப் டிடி100. 1969 இல் மேன் தீவுப் பந்தயத்தில் மால்கம் அப்ஹில் என்பவர் ட்ரையம்ப் போன்வில் வண்டியில் ஒரு முழுச் சுற்றை மணிக்கு 100 மைலுக்கு மேல் சராசரி வேகத்தில் முடித்தார். அப்போது அவர் ஓட்டிய கே81 டயருக்குத்தான் பிறகு இந்தப் பெயர் வந்தது. வண்டியின் காலத்துக்கு ஏற்ற முகம் வேண்டும் என்ற அவரது ஆசையை நான் முழு மனதோடு மதிக்கிறேன். அந்தப் பழைய வடிவங்கள் சில இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. வடிவம் பழையதாக இருக்கட்டும், செய்த திகதி புதியதாக இருக்க வேண்டும். பழைய சாமான் கடையில் கிடைக்கும் அசல் டயரைக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

டயர் மாற்றும்போது டியூப்பையும் ரிம்முக்குள் போடும் ரப்பர் பட்டியையும் சேர்த்து மாற்றுமாறு நிர்வாக சபை எல்லோரையும் கேட்டுக்கொள்கிறது. ஸ்போக் முனை துருத்தி டியூப்பைக் குத்திய வண்டிகளைக் கண்ணால் பார்த்தோம். புது டயர் முதல் 150 கிலோமீற்றர் வரை வழுக்கும், அதுவரை ரம்பொடை இறக்கத்தில் சாய்க்க வேண்டாம். காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன் அளக்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவு காற்று அடிப்பது நம்மிடம் இருக்கும் கெட்ட பழக்கம். கைநூலில் சொன்ன அளவுதான் அளவு. நமக்கு இறக்கம் அதிகம், முன் பிரேக் அதிகம். ஆகவே முன் டயர் அலை அலையாகத் தேய்கிறது. வளைவுகள் அதிகம், ஆகவே நடுவை விட ஓரங்கள் முந்தித் தேய்கின்றன. கோட்டுக்குள் சிறு மேடாக இருக்கும் தேய்மானக் குறியை நடுவில் மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம்.

வரும் வருடத்துக்கு இரண்டு யோசனைகளைச் சபை முன் வைக்கிறேன். முதலாவது, ஒரே அளவு தேவைப்படுபவர்களின் பெயரைச் சேர்த்து மொத்தமாக வாங்குவது. உள்நாட்டிலேயே சியட் களனி மோட்டார் சைக்கிள் டயர் செய்கிறது. அதில் நமக்குரிய அளவு கிடைக்குமா என்று முதலில் விசாரித்து, பிறகு கொழும்புக்குப் போகலாம். இரண்டாவது, நம்பகமான காற்று அளவு மானி ஒன்றைச் சங்கக் காசில் வாங்கிச் செயலாளர் பொறுப்பில் வைப்பது.

டயர் பார்க்கும் நாளுக்குத் தன் கராஜைத் திறந்துவிட்ட அங்கத்தவருக்கும், அன்று எல்லோருக்கும் தேநீரும் ரொட்டியும் தந்த அவரது வீட்டாருக்கும், கழற்றிப் பூட்டும் வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்த தம்பிமாருக்கும் சங்கத்தின் நன்றி. அறிக்கையை ஏற்று, மேற்படி இரண்டு யோசனைகளையும் வாக்குக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்