நான் எழுதிக் கொடுத்த கதை

செங்கலடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகனுக்கு,

நான் சுகம். பிறசர் குளிசை ஒழுங்காகப் போடுகிறேன். அதை விசாரிக்கத் தங்கச்சிக்குப் போன் எடுக்கத் தேவையில்லை, எனக்கே எடுக்கலாம். சித்திரை வருசத்துக்குப் பிறகு உன் குரலைக் கேட்கவில்லை. மாதம் பிறந்தால் காசு விழுந்த மெசேஜ் வருகிறது. அதைத்தான் உன் கடிதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

போன கிழமை பேத்தி எடுத்தாள். “அப்பம்மா, எங்கட சிட்டி முழுக்க இப்ப ஒரே புத்தகம்தான் வாசிக்குது” என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. நாடு விட்டு நாடு வந்து குடியேறியவர்களைப் பற்றிய புத்தகமாம். நூலகத்தில் அடுக்கடுக்காக வாங்கி வைத்திருக்கிறார்களாம், அவளுடைய பள்ளிக்கூடத்திலும் அதுதானாம், கோப்பிக் கடைகளில்கூட ஆட்கள் கூடியிருந்து அதைப் பற்றித்தான் கதைக்கிறார்களாம். 1998இல் அமெரிக்காவில் சியாட்டில் நூலகத்தில் நான்சி பேர்ல் என்ற அம்மா தொடங்கிய வேலையாம். 2001இல் சிக்காகோவும் பிடித்துக்கொண்டதாம், பிறகு ஊர் ஊராகப் பரவியதாம். பிள்ளை வருசம் தவறாமல் சொல்கிறாள். உன்னைப் போலத்தான்.

இது என்ன புதினம் என்று கேட்டேன். செட்டிபாளையத்தில் வைகாசிச் சடங்குக்குக் கண்ணகி வழக்குரை படிக்கும்போது ஊரே குந்தியிருந்து கேட்கும். எழுத்துத் தெரியாத என் ஆச்சி, படிக்கிறவர் ஒரு வரி தப்பவிட்டால் இருந்த இடத்திலிருந்தே எடுத்துக் கொடுப்பா. அதைச் சொன்னதும் பேத்தி தட்டித் தட்டி எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

மறுகாதான் சொன்னாள், ஒக்டோபர் கடைசியில் நூலகத்தில் கூட்டமாம், வந்து குடியேறிய ஐந்தாறு பேர் தங்கள் கதையைச் சொல்வார்களாம், அதில் அப்பாவும் ஓர் ஆளாம். போனிலும் நேரடியாகக் காட்டுவார்களாம்.

பெருமையில்லை என்று நினைக்காதே மனே. கோப்பை கழுவப் போன பிள்ளையை ஒரு நகரம் கூப்பிட்டு மேடையில் இருத்துகிறது. உன் அப்பா இருந்திருந்தால் டிப்போவில் ஒருவரையும் விட்டுவைத்திருக்க மாட்டார். ஆனால் இதைப் பேத்தி வாயால் கேட்க வேண்டியிருந்ததே, அதுதான்.

என்ன பேசப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. நீ படித்தவன், உனக்குத் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன், பனியைப் பற்றிச் சொல். முதல் பனிக்கு ரப்பர் செருப்போடு வெளியே போய்க் கால் மரத்துப்போனதே, அதைச் சொல். கொழும்பில் கொட்டாஞ்சேனை லொட்ஜில் ஒரு அறையில் ஏழு பேர் மாறி மாறிப் படுத்ததைச் சொல், அது கேட்கிறவர்களுக்குப் பிடிக்கும். ஏன் வந்தாய் என்று கேட்டால் நாட்டில் பிரச்சினை என்று சொல்லி விடு. உலகத்துக்கே தெரிந்ததுதானே. ஊர்ப் பெயர், நாள், திகதி ஒன்றும் வேண்டாம். வந்த வழியைச் சொல், போதும். கழுத்துக்கு மப்ளர் கட்டிக்கொண்டு போ, உனக்குச் சளி பிடித்தால் பேச்சு வராது.

இங்கே மழை இன்னும் இல்லை. கிணறு அடியில் கிடக்கிறது. தங்கச்சியின் மூத்தவன் ஓ.எல். சோதனை எடுக்கப்போகிறான், கணக்குத்தான் பயம். மாமரத்தின் தெற்குக் கொப்பை வெட்டினோம், ஓட்டில் விழுகிறது என்று.

முன்வளவு மாமி முந்தநாள் தயிர்ச் சட்டியோடு வந்தா. கூட்டத்தைப் பற்றித் தங்கச்சி அவவுக்கும் சொல்லியிருக்கிறாள். “தம்பி பேசுறத நானும் வந்து பார்க்கவா அக்கா?” என்று கேட்டா. ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல?

நடக்க மாட்டாத காலோடு இந்த 5ஆம் திகதியும் வந்தாறுமூலைக்குப் போய் விளக்கு வைத்துவிட்டு வந்தா. காணாமல் போனவர்களை விசாரிக்க எந்த ஆணைக்குழு வந்தாலும் மாமாவின் படத்தையும் பைலையும் தூக்கிக்கொண்டு போகிற மனிசி. உனக்குத் தெரியாததா?

மனே, உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இதைப் போனில் சொல்ல முடியாது. தங்கச்சியின் மகன் கடிதத்தைப் படம் எடுத்து இப்போதே அனுப்பவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன், தபாலில்தான் போடப்போகிறேன்.

ஏஜென்சிக்காரன் “தம்பிக்கு ஒரு அகதிக் கேஸ் வேணும்” என்று மட்டும்தான் சொன்னான். உனக்கிருந்த பயம் பொய்யில்லை. உன் வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் ரவுண்டப்பில் போய்த் திரும்பவில்லை? ஆனால் உனக்கு இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, அதனால் காணாது என்றான். நடக்கும்வரை வைத்திருக்கவா நான் உன்னைப் பெற்றேன்? அன்றிரவே கொப்பியை எடுத்து விளக்கடியில் இருந்து எழுதினேன். உன்னை நிற்க வைத்து வாய்ப்பாடு போலப் பாடமாக்கினேன். 1990 செப்டெம்பர் 5, வந்தாறுமூலைக் கம்பஸ் அகதி முகாம், 158 பேர், அப்பாவையும் ஆமி ஏற்றிக்கொண்டு போனது, பச்சைக் கோடு போட்ட சாறன். அன்றைக்கு நீ ஆச்சியோடு செட்டிபாளையத்தில் இருந்தாய். கம்பசில் நடந்த ஒன்றையும் நீ காணவில்லை. நான் கண்ணால் கண்டதைத்தான் எழுதினேன், ஆளை மட்டும் மாற்றினேன் என்று உனக்குச் சொன்னேன்.

நானும் காணவில்லை. அந்த நேரம் நான் கஞ்சிக்கு வரிசையில் நின்றேன். உன் அப்பா ஆமிக்காரர் முன்னால் நடந்து திரும்பி வந்துவிட்டார், மாமா வரவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சாறன் மாமி சொன்னது. பஸ்ஸில் ஏறும்போது திரும்பிப் பார்த்து “எருமைக்குத் தண்ணி காட்டு” என்று அவர் சொன்னதும் மாமி சொன்னதுதான். அன்றிரவு மண்டபத்தில் என் மடியில் கிடந்து சொன்னா. அதை ஒரு ஆணைக்குழுவிலும் அவ சொன்னதில்லை. கூடப் போன எனக்குத் தெரியும். அந்த வசனத்தை இப்படி ஒருவரும் பொய்யாகக் கட்ட மாட்டார்கள், அதிகாரி நம்புவான் என்று எனக்குப் பட்டது. அதனால் கொப்பியில் போட்டேன். அவவிடம் கேட்கவில்லை.

விசாரணையில் அந்த இடம் வந்தபோது மொழிபெயர்த்த பிள்ளை அழுதுவிட்டது என்று நீ எழுதியிருந்தாய். வாசித்துவிட்டு நான் சந்தோசப்பட்டேன் மனே. அந்த நீலக் கடிதம் இன்னும் ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது.

அப்பாவை நீ ஸ்பொன்சர் செய்ய முடியாமல் போனதும் என்னால்தான். அவர் அதைப் பகிடியாகத்தான் எடுத்தார், “செத்தும் பென்சன் எடுக்கிற ஒரே கண்டக்டர் நான்தான்” என்பார். 2013இல் உண்மையாகவே போனபோது, ஒருதரம் செத்தவருக்கு இன்னொருதரம் லீவு கேட்க முடியாது என்று நீ போனில் சொன்னாய். கடமையெல்லாம் மருமகன்தான் செய்தார். உன்னை நான் குறை சொல்லவில்லை. அன்று சொன்னேனோ தெரியாது, சொல்லியிருந்தால் மறந்து விடு.

ஒன்றும் சொல்லாதே என்று சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். ஊர் முழுக்கக் கேட்கிற கூட்டத்தில் நீ பைலில் இருப்பதைச் சொன்னால் மாமி என் பக்கத்தில் இருந்து கேட்பா. உனக்கு இங்கிலீஸ் வந்தாலும் இடையில் ஒரு வசனம் தமிழில் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். எந்த வசனம் என்றும் தெரியும். பைலில் இல்லாததைச் சொன்னால் உனக்கு ஏதும் வருமோ என்று இரவில் நித்திரை இல்லை. இத்தனை வருசத்துக்குப் பிறகும் பிரஜாவுரிமையைப் பறிப்பார்களா? ஆரைக் கேட்பது?

பனியைச் சொல் மனே. செருப்பைச் சொல்.

கூட்டத்துக்கு முதல் எனக்கு ஒருக்கா எடு. பின்னேரம் மாமி மாடு சாய்க்கப் போகிற நேரம் பார்த்து எடு, அப்போது வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

தயிர்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இரண்டு நாளாகிறது, கொண்டுபோய்க் கொடுக்க இன்னும் போகவில்லை.

அன்புடன்,
அம்மா