கெடு வைத்த தீர்மானமே நிலைக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புத்தாண்டுத் தீர்மானங்கள் பத்து நாள்கூடத் தாங்குவதில்லை என்றும், நம்மவர்களின் மன உறுதிக் குறைவே அதற்குக் காரணம் என்றும் வருந்தித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். முதல் பாதி உண்மைதான். ஜனவரி முதல் வாரத்தில் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலை ஐந்தரை மணிக்கு நடக்க இடம் இருக்காது; புதுக் காலணியும் புது பனியனுமாக வந்தவர்களில் பலரைப் பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அங்கே காண முடிவதில்லை. ஆனால் காரணம் பற்றிய முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. மன உறுதி இல்லாதவர்கள் என்று எங்கள் ஊர்க்காரர்களைச் சொல்வதற்கு முன், கட்டுரையாளர் கார்த்திகை மாதத்தில் ஒருமுறை மதுரைத் தெருக்களில் நடந்து பார்த்திருக்கலாம்.

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொள்ளும் ஐயப்ப பக்தர் 41 நாள் விரதம் இருக்கிறார். விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளியல், இருவேளை பூஜை, வெறுங்கால் நடை, பாயில் படுக்கை. புலால், புகை, மது எதுவும் கிடையாது. மற்ற நாள்களில் இவற்றில் ஒன்றைக்கூட விட முடியாத ஆட்டோ ஓட்டுநர்களும், சுமை தூக்கும் தொழிலாளர்களும், கடைச் சிப்பந்திகளும் இத்தனையையும் ஒரே சமயத்தில் கடைப்பிடித்து முடிக்கிறார்கள். எங்கள் தெருமுனை டீக்கடையில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். டீயோடு சிகரெட்டையும் கேட்காமலே எடுத்து நீட்டப்படும் அளவுக்கு வாடிக்கையான ஓட்டுநர் ஒருவர், கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக வந்து நின்றார். கடைக்காரரின் கை சிகரெட் பெட்டியின் பக்கம் போகவே இல்லை. “சாமிக்குப் பால்தானே?” என்று கேட்டு, தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை மறுபடி கழுவி, பாலை ஆற்றிக் கொடுத்தார். பக்கத்தில் புகைத்துக்கொண்டிருந்தவரும் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். ஓட்டுநர் எதையும் வேண்டாம் என்று மறுக்கும் தேவையே அங்கு எழவில்லை.

இங்கே வேலை செய்தது அந்த ஒருவரின் மன உறுதி மட்டும்தானா என்று கேட்கிறேன். விரதம் தொடங்கும் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. கழுத்தில் அதன் அடையாளம் தொங்குகிறது. பெற்ற பிள்ளைகளே ‘சாமி’ என்று அழைக்கிறார்கள். சந்தேகம் வந்தால் கேட்கவும், தவறினால் கண்டிக்கவும் குருசாமி ஒருவர் இருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, விரதம் என்றைக்கு முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ‘இனி வாழ்நாள் முழுக்கத் தொடமாட்டேன்’ என்று சொல்லிப் பார்க்கும்போது மலைத்துப்போகும் மனம், ‘மலைக்குப் போய் வரும் வரைக்கும்தானே’ என்றதும் இசைந்து கொடுக்கிறது. ஜனவரி முதல் தேதித் தீர்மானத்துக்கோ தொடக்கம் உண்டே தவிர முடிவு கிடையாது. கேட்க ஆளும் கிடையாது. வாட்ஸ்அப்பில் அறிவித்துவிட்டோமே என்று சிலர் சொல்லக்கூடும். அங்கே பூங்கொத்துப் படம் அனுப்புகிறவர்களில் எவரும் பத்தாம் நாள் வீட்டுக்கு வந்து விசாரிப்பதில்லை.

மாலையைக் கழற்றிய அன்றே பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடுகிறதே என்பார்கள். ஆகத்தான் செய்கிறது; பலரிடம் நானும் பார்க்கிறேன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 96 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக வேரூன்ற நடுத்தரமாக 66 நாள் ஆகிறது என்றும், ஆளையும் செயலையும் பொறுத்து அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடலாம் என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். 21 நாளில் எதுவும் பழகிவிடும் என்று மேடைதோறும் சொல்லப்படுவது, மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர், முகம் மாற்றப்பட்ட நோயாளிகள் தம் புதிய தோற்றத்துக்குப் பழக எடுத்துக்கொள்ளும் காலம் பற்றி 1960-இல் எழுதியதிலிருந்து கிளம்பிய பேச்சு. லண்டன் ஆய்வு பழம் உண்பது, தண்ணீர் குடிப்பது, உடற்பயிற்சி செய்வது போன்ற அன்றாடச் செயல்களைப் பற்றியது என்பதையும் மறக்கக் கூடாது. மதுவுக்கு அடிமையானவர்களுக்குத் தீர்மானம் மட்டும் போதாது. நெடுநாள் குடித்தவர் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரை. மற்றவர்களைப் பொறுத்தவரை, 41 நாள் விரதம் பழக்கம் வேர்விடும் நேரத்தில் கழற்றப்பட்டுவிடுகிறது என்றே தோன்றுகிறது. ஆகவே கெடுவைக் குறை சொல்வதைவிட, கெடு முடியும் நாளில் அதைப் புதுப்பிக்கும் ஏற்பாடு இல்லாததைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

அப்படியோர் ஏற்பாட்டை நான் பணிக்காலம் முழுவதும் அஞ்சலகக் கவுன்ட்டரில் பார்த்து வந்திருக்கிறேன். “மாதாமாதம் ஏதாவது சேர்க்க வேண்டும்” என்று வாயால் சொல்லிப் போனவர்கள் சேர்த்ததாக நினைவில்லை. ஆனால் மாதம் 100 ரூபாய்க்கு ஆர்.டி. என்னும் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கிய பூக்காரம்மாக்களும் இட்லிக் கடைக்காரர்களும் 60 தவணையையும் கட்டி முடித்து, பாஸ்புக்கை நீட்டிப் பணம் வாங்கிப் போயிருக்கிறார்கள். அந்தத் திட்டத்தின் விதிகளை வகுத்தவர் மனித சுபாவத்தை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும். ஐந்தாண்டு என்று கெடு உண்டு. முகவர் மூலம் கட்டினால், வாசலில் வந்து கேட்க ஓர் ஆளும் உண்டு. ஒரு தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம்; அது உறுத்தும், ஆனால் ஆளை விரட்டாது. தவறிய தவணைகள் நான்குக்கு மேற்படாவிட்டால், அத்தனை மாதம் முதிர்வுக் காலத்தைத் தள்ளிவைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. கெடு முடிந்ததும் விண்ணப்பம் கொடுத்து இன்னோர் ஐந்தாண்டுக்கு நீட்டிக்கலாம். ஒரு நாள் நடக்கத் தவறியதும் ‘இந்த ஆண்டு அவ்வளவுதான்’ என்று காலணியைப் பரணில் போடுகிறவர்கள் இந்த விதிகளைப் படிக்க வேண்டும். எப்போதாவது ஒரு நாள் தவறுவதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படியாகக் கெடுவதில்லை என்பதையும் மேற்சொன்ன லண்டன் ஆய்வே காட்டியிருக்கிறது.

கெடு வைப்பது கோழைத்தனம், உறுதியுள்ளவன் வாழ்நாளுக்கும் சேர்த்தல்லவா முடிவெடுப்பான் என்று கருதுகிறவர்களுக்கு எங்கள் மேலமாசி வீதியையே சான்றாகக் காட்டுவேன். 1921 செப்டம்பர் 22 அன்று, அங்கே தாம் தங்கியிருந்த வீட்டில்தான் காந்தியடிகள் தொப்பியையும் மேற்சட்டையையும் விட்டு அரையாடைக்கு மாறினார். அந்நியத் துணியைக் கைவிடச் சொன்னால் பதிலுக்குக் கதர் வாங்க ஏழையிடம் காசு ஏது என்ற கேள்வி அவரை நெடுநாளாக அரித்துக்கொண்டிருந்தது. உடையைக் குறைக்கும் எண்ணம் முன்பே வந்தும் தயங்கியிருந்தவர் மதுரையில் துணிந்தார். அன்றைய அறிக்கையில் அவர் சொன்னது, குறைந்தது அக்டோபர் 31 வரை இவ்வாறு இருக்க எண்ணுகிறேன் என்பதே. கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய ஐயப்ப விரதத்தின் அளவுதான். அந்த நாள் வந்து போயிற்று. அவர் பழைய உடைக்குத் திரும்பவில்லை. 1931-இல் லண்டனில் மன்னரைச் சந்திக்கச் சென்றபோதும், 1948-இல் மறையும்போதும் அதே உடைதான். இந்த வரலாற்றை ஆண்டுதோறும் கொண்டாடும் நாம், அக்டோபர் 31 என்ற அந்தத் தேதியை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். சொன்னால் மாணவர்களுக்கு அவர் இன்னும் நெருக்கமாகத் தெரிவார் என்பது என் எண்ணம்.

ஆகவே தங்கள் வாசகர்களுக்கு ஒரு யோசனை. தீர்மானத்தை ஆங்கிலப் புத்தாண்டின் கூட்டத்தில் தொடங்காமல், தை முதல் நாளில் ஒன்றே ஒன்றாகத் தொடங்கட்டும். தை, மாசி, பங்குனி மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய 90 நாள் வரும்; 66 நாள் அதற்குள் அடங்கிவிடுகிறது. எங்கே, எத்தனை மணிக்கு என்பதையும் நாட்காட்டியில் எழுதிவிட வேண்டும். ‘நடக்கப் போகிறேன்’ என்பவரைவிட, ‘பால் வாங்கி வைத்ததும் தெப்பக்குளம் வடகரையிலிருந்து நடப்பேன்’ என்பவர் நடக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீட்டிலோ அடுத்த வீட்டிலோ கூச்சமில்லாமல் கேள்வி கேட்கும் ஒருவரைக் குருசாமியாக வைத்துக்கொள்வதும் நல்லது. பேரப்பிள்ளைகள் இந்தப் பதவிக்கு மிகப் பொருத்தமானவர்கள்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஜனவரி முதல் தேதி தீர்மானங்களுக்காக முழுப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். பங்குனி கடைசி வாரத்தில் ஒரு கால் பக்கம் ஒதுக்கி, தையில் தொடங்கியவர்களில் யார் யார் சித்திரை முதல் ஆனி வரை நீட்டிக்கிறார்கள், எத்தனை நாள் தவறவிட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நீட்டிக்காதவர்களின் கடிதங்களையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
அஞ்சல் துறை ஓய்வூதியர் ஒருவர்,
மதுரை.