கபடிக் கழகத் தம்பிகளுக்கு: பழைய நோட்டீஸை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கபடிக் கழகம் நடத்தும் தம்பிகளுக்கும், ஒரு காலத்தில் ஆடிவிட்டு இப்போது கோட்டுக்கு வெளியே பெஞ்சு போட்டு உட்கார்ந்து பார்க்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

என்னை உங்களில் பல பேருக்குத் தெரியும். இறுதி ஆட்டம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது கமிட்டிக்காரர்களிடம் வந்து, "பழைய நோட்டீஸ், போட்டோ ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பவன். 18 வருடமாக இந்த வேலையைச் செய்து வருகிறேன். நம் பக்கத்து ஆட்டக்காரர்களின் வரலாற்றை எழுதிவிட வேண்டும் என்பது என் ஆசை.

போன மாதம் ஒரு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். நாற்பது வருடமாகப் போட்டி நடத்துகிற கழகம். கொட்டகையைப் பிரித்துவிட்டுக் கட்டடம் எழுப்புகிறார்கள், நல்ல விஷயம். "பழைய சாமானெல்லாம் எங்கேப்பா?" என்று கேட்டேன். "இரும்புக்காரர் வந்தார் சார், எல்லாத்தையும் போட்டுட்டோம்" என்றான் செயலாளர் தம்பி. இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய நோட்டீஸ், எந்தெந்த ஊர் அணி வந்தது என்று எழுதிய நோட்டு, கண்ணாடி போட்ட போட்டோக்கள், பித்தளைக் கோப்பைகள், எல்லாமே போய்விட்டன. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் கிடையாது. அதெல்லாம் ஊர்ச் சொத்து என்று அவனிடம் யாரும் சொல்லியதில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஒரு நோட்டீஸில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என்னிடம் ரோஸ் கலர் தாளில் அடித்த ஒன்று இருக்கிறது. யாரோ நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்து, மடிப்பெல்லாம் இற்றுப் போயிருக்கிறது. மேலே அம்மன் துணை. "கபாடிப் போட்டி" என்று பெரிய எழுத்து, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் "சடுகுடு". முதல் பரிசு உபயம் ஒரு ரைஸ் மில், இரண்டாம் பரிசு உபயம் சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர், அப்புறம் மைக்செட் உபயம், டியூப் லைட் உபயம். ஆங்கில வருடம் எங்குமே இல்லை. "பிரமோதூத வருடம் தை மாதம்" என்று மட்டும் இருக்கிறது.

அறுபது வருடச் சுற்றில் பிரமோதூத 1990 ஏப்ரலில் பிறந்தது. அப்படியானால் அந்தத் தை 1991 ஜனவரி. அதற்கு முந்தைய சுற்று என்றால் 1931. அன்றைக்கு நம் கிராமத்தில் டியூப் லைட் ஏது? ஆக, 1991தான். அதைக் கண்டுபிடித்த நிமிடம் எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1990இல்தான் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி முதன்முதலாகப் பதக்க ஆட்டமாகச் சேர்ந்தது, இந்தியா தங்கம் வாங்கியது. அது முடிந்து வந்த முதல் பொங்கலுக்கு அடித்த நோட்டீஸ் இது. உலகம் கபடி என்கிறது, ஊர்ப் பெரியவர்கள் இன்னும் சடுகுடு என்கிறார்கள், கமிட்டிக்காரர்கள் இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். இதை எந்தப் பத்திரிகையும் எழுதி வைக்கவில்லை, அந்த ரோஸ் தாளில்தான் இருக்கிறது.

நம் ஆட்டம் தண்ணீரோடும் நெல்லோடும் கட்டுண்டது. ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் எல்லோரும் வயலில் நிற்பார்கள். தை பிறந்து சம்பா அறுப்பு முடிந்தால்தான் காலும் ஓயும், இடமும் கிடைக்கும். அறுத்த வயலில் தாளைக் கொத்தி எடுத்து, கட்டி உடைத்து, தண்ணீர் தெளித்து மட்டம் தட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டதை அண்ணன்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். முட்டி தேய்ந்த தழும்பு இன்னும் இருக்குமே. ஒரு ஊரில் போட்டி தையிலிருந்து மாசிக்குத் தள்ளிப் போனால், அந்த வருடம் தண்ணீர் தாமதமாக வந்ததா என்று நான் தேடிப் பார்ப்பேன். இப்போது மேட் வந்துவிட்டது, அடி குறைகிறது, சந்தோஷம். ஆனால் மண் தரையில் ஆடியவர்கள் எப்படிக் கால் ஊன்றினார்கள் என்பதை அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.

ஏற்கெனவே போனது போதும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் வேதாரண்யம் பக்கம் வீட்டுக் கூரையோடு எத்தனை போட்டோ போயிற்று என்று யாருக்குத் தெரியும்?

சேரலாதனை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சென்னம்பூண்டிக்காரர். 40 வயதைத் தாண்டியும் ஆடி, 2016இல் பாட்னா அணிக்குக் கேப்டனாகப் புரோ கபடிக் கோப்பையை வாங்கினார், அதே வருடம் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அவர் ஊர்ச் சடையார் கோயிலில் ஆயிரம் வருடத்துக்கு முந்திய கல்வெட்டு இருக்கிறது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் பூவனூரில், சதுரங்கம் ஆடி ஜெயித்த சுவாமிக்குச் சதுரங்க வல்லபநாதர் என்றே பெயர். இப்படி எல்லாவற்றையும் கல்லிலும் பெயரிலும் வைத்துக் காப்பாற்றிய மண்ணில், முப்பது வருடத்துக்கு முன் நம் ஊருக்குக் கோப்பை கொண்டுவந்த ஏழு பேர் யார் என்று கேட்டால் பதில் வரவில்லை.

சரி, என்ன செய்யலாம்? இந்தப் பொங்கலுக்குள் கழகத்துப் பீரோவையோ பரணையோ ஒருமுறை திறந்து பாருங்கள். போட்டோ இருந்தால் பின்பக்கம் பென்சிலால் பெயர், வருடம் எழுதுங்கள்; பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் விழும். பழைய ஆட்டக்காரர் ஒருவரை உட்கார வைத்துப் போனில் பேச்சைப் பதிவு செய்யுங்கள். அந்தக் காலத்தில் எதைப் பாடிக்கொண்டு ஏறிப் போனார் என்பதை அவர் குரலிலேயே கேட்டு வையுங்கள். புது நோட்டீஸ் அடிக்கும்போது வருடத்தை மறக்காமல் போடுங்கள். பெண்கள் ஆட்டம் நடத்தினால் அந்தப் பிள்ளைகள் பெயரையும் எழுதி வையுங்கள், நான் பார்த்த நோட்டுகளில் அது மிகக் குறைவு. எதையும் எனக்குத் தர வேண்டாம். உங்கள் ஊரிலேயே, நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு அலமாரியில் இருக்கட்டும். கூப்பிட்டால் வந்து அடுக்கிக் கொடுக்கிறேன்.

கடைசியாக ஓர் உதவி. என்னிடம் ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ இருக்கிறது, மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டில் கிடைத்தது. கோடு போட்ட பனியனில் ஏழு பேர், பின்னால் வைக்கோல் போர். ஆறு பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். இடமிருந்து மூன்றாவதாக, இடது முழங்காலில் துணிக்கட்டோடு கோப்பையைப் பிடித்தபடி சிரிக்கிறார் ஒருவர். இந்தப் பொங்கல் போட்டிகளுக்கு அந்தப் போட்டோவைக் கையோடு எடுத்து வருகிறேன். அவர் யார் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
நோட்டீஸ் கேட்டு வரும் உங்கள் அண்ணன்