பினாங்குத் தோழிக்கு: விளையாட்டு மையப் பொறுப்பை ஏற்குமுன்

கோலாலம்பூர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கோலின்றி நடக்கிறார் என்று படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. இங்கே அனைவரும் நலம். பெரியவனுக்கு ஈப்போவில் வேலை கிடைத்துவிட்டது. மற்றதை நேரில் பேசிக்கொள்வோம். உங்கள் பல்கலைக்கழகம் விளையாட்டு மையத்தின் இயக்குநர் பொறுப்பை ஏற்கும்படி உன்னைக் கேட்டிருப்பதாகவும், ஒப்புக்கொள்ளலாமா என்று நீ தயங்குவதாகவும் எழுதியிருந்தாய். நானும் இங்கே அதே பொறுப்பில் இருப்பதால் அதற்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கோப்பைகளை வென்று வருவதும் விழா மேடையில் பேசுவதுமே இந்தப் பொறுப்பு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே வந்து பார்த்தால் இது முழுக்க முழுக்கப் பங்கீட்டு வேலை. ஒரு திடல், ஓர் ஓடுதளம், ஒரு பேருந்து, ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஒதுக்கீடு ஆகியவற்றை யாருக்கு, எப்போது, எவ்வளவு கொடுப்பது என்று நாள்தோறும் முடிவு செய்ய வேண்டும். பதக்கம் வெல்லும் வாய்ப்பே இல்லாத குழுவுக்கு என்ன கிடைத்தது என்பதை வைத்தே ஓர் இயக்குநரை மதிப்பிட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாலை ஐந்தரை மணிக்கு எங்கள் திடலுக்கு வந்தால் நான் சொல்வது உனக்கு விளங்கும். கோலாலம்பூரின் மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும். மின்னல் எச்சரிக்கை ஒலித்ததும் எல்லாரும் கூரைக்கு அடியில் ஒதுங்குவார்கள். மறுபடி இறங்கும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருக்கும். எஞ்சிய அந்தச் சிறு பொழுதில் கால்பந்துக் குழுவும் ஈட்டி எறிபவர்களும் ஒரே நடுத்திடலைக் கேட்பார்கள். இரண்டையும் சேர்த்து நடத்துவது உயிருக்கே ஆபத்து. இந்த இழுபறியில் தடை தாண்டும் பெண்களை யாரும் நினைப்பதில்லை. அவர்களுடைய 100 மீட்டர் ஓட்டத்துக்கு 10 தடைகள் வேண்டும். முதல் தடையைத் தொடக்கக் கோட்டிலிருந்து 13 மீட்டரிலும், பிறகு ஒவ்வொன்றையும் 8.5 மீட்டர் இடைவெளியிலும் நாடா பிடித்து அளந்து வைக்க வேண்டும். முடிந்ததும் எல்லாவற்றையும் வைப்பறைக்குச் சுமந்து செல்ல வேண்டும். உடைமாற்றும் அறைக்குப் போகும் வழியில் விளக்கு இல்லாததால், அந்தப் பெண்கள் பயிற்சியைப் பாதியிலேயே விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பேற்றதும் முதலில் அங்கே விளக்குப் போடச் செய்தேன். அடுத்து, செவ்வாயும் வியாழனும் ஓடுதளத்தின் நேர்ப்பகுதியைத் தடை ஓட்டத்துக்கென்றே ஒதுக்கி, அட்டவணையை எல்லாரும் பார்க்கும்படி ஒட்டினேன். கால்பந்துப் பயிற்றுநருக்கு வருத்தம்தான்; ஆனாலும் கணக்கு வெளிப்படையாக இருந்ததால் அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

இதைவிடக் கடினமானது தேர்வுக் காலம். எங்கள் 400 மீட்டர் ஓட்டக்காரி ஒருத்தி பொறியியல் படிக்கிறாள். தோட்டப்புறத்துப் பிள்ளை, அந்தக் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த முதல் ஆள். போட்டியும் அவளுடைய ஆய்வுக்கூடத் தேர்வும் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. இப்படிப்பட்ட வேளையில் விடுப்புக் கடிதத்தை மாணவர் கையிலேயே கொடுத்து விரிவுரையாளரைப் பார்க்கச் சொல்வது பல இடங்களில் வழக்கம். தனக்குப் புள்ளி போடப்போகிறவர் முன் நின்று சலுகை கேட்க எந்தப் பிள்ளைக்குத்தான் வாய் வரும்? அது இயக்குநர் செய்ய வேண்டிய வேலை. நான் துறைத் தலைவரை நேரில் பார்த்து மாற்றுத் தேதி வாங்கினேன். அவள் போட்டியில் நான்காவதாக வந்தாள், தேர்விலும் தேறினாள். இரண்டையும் நான் ஒரே மகிழ்ச்சியோடுதான் குறித்து வைத்தேன்.

அமெரிக்க முறையைப் பின்பற்றலாமே என்று உங்கள் கூட்டத்தில் யாரோ கேட்டதாக எழுதியிருந்தாய். அங்கே நிலைமையே வேறு. பெரிய பல்கலைக்கழகங்களில் அமெரிக்கக் கால்பந்தும் ஆண்கள் கூடைப்பந்தும் தொலைக்காட்சி உரிமையாலும் நுழைவுச்சீட்டாலும் ஈட்டும் பணம்தான் நீச்சல், திடல்தடம் (ஓட்டம், தாண்டுதல், எறிதல்) போன்றவற்றைத் தாங்குகிறது. 2021 ஜூலை முதல் மாணவ விளையாட்டாளர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெறலாம். அவர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகம் அவர்களுக்கு நேரடியாகவே பணம் பகிர்ந்தளிக்கலாம்; 2025-26 கல்வியாண்டில் அதன் உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். உழைப்பவருக்குப் பங்கு கிடைப்பது நியாயமே. ஆனால் செலவு ஏறியதும் சில பல்கலைக்கழகங்கள் நீச்சல், டென்னிஸ் குழுக்களைக் கலைத்துவிட்டதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது 1972ஆம் ஆண்டின் ‘டைட்டில் நைன்’ சட்டம்தான். அரசு நிதி பெறும் கல்வி நிலையம் பால் வேறுபாடு காட்டக்கூடாது என்பது அதன் விதி. மாணவிகளின் விகிதத்துக்கு ஏற்ப விளையாட்டில் அவர்களுக்கு இடமிருக்கிறதா என்று அங்குள்ள இயக்குநர் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். அதே கணக்கை நீயும் முதல் மாதத்திலேயே போட்டுப் பார்.

படிப்பும் ஓட்டமும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று யாராவது சொன்னால் நம் மலேசிய ஓட்டக்காரர் டாக்டர் ஜெகதீசனைக் காட்டு. மருத்துவம் படித்தபடியே ஓடியவர், 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் ஓடிய 20.92 வினாடி, 2017 வரை தேசியச் சாதனையாக நின்றது. அதே பேங்காக்கில் பெண்கள் 400 மீட்டர் தங்கத்தை வென்ற நம் ராஜமணியின் பெயரையும் உன் மாணவிகள் அறிந்திருக்க வேண்டும். இன்றைய பிள்ளைகளில் பலருக்கு இந்தப் பெயர்களே தெரியாதது எனக்குத் தீராத ஆதங்கம்.

ஆகவே, ஏற்றுக்கொள் என்றே சொல்வேன்; ஆனால் ஒப்பமிடுமுன் துணைவேந்தரிடம் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்கு. தேர்வு அட்டவணை தயாராகும் கூட்டத்தில் உனக்கு இடம் வேண்டும். ஒதுக்கீட்டை விளையாட்டுகளுக்கிடையே பிரிக்கும் அதிகாரம் உன்னிடம் இருக்க வேண்டும். முழுநேர உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் ஒருவரையும் கேள்; காயம்பட்ட பிள்ளையை வலி மருந்து தடவி ஓடவிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இவற்றுக்கு அவர்கள் இணங்காவிட்டால் எனக்குத் தெரிவி. எப்படி எழுதிக் கேட்பது என்று சேர்ந்து யோசிப்போம். கடந்த சில ஆண்டுகளின் வரவு செலவுக் கணக்கு கிடைத்தால் ஒரு படி அனுப்பு. பேருந்துக்கும் உணவுக்கும் எந்தக் குழுவுக்கு எவ்வளவு போயிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் தோழி