கத்தரிக் கன்றை யூனில் விற்கலாமே: எங்கள் தோட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வட்டாரத்துத் தமிழ்த் தோட்டக் குழுவினருக்கு,

வணக்கம். மே மாதத்து முதல் சனிக்கிழமை நீங்கள் நடத்தும் கன்று விற்பனைக்கு ஒவ்வொரு வருடமும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருபவள் நான். ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும் என்று அறிவித்திருப்பீர்கள். ஏழரைக்கே வரிசை கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி நிற்கும். குளிர்கோட்டுக்கு மேல் சால்வை சுற்றிய ஆச்சிமார் ஆளுக்கொரு மாம்பழப் பெட்டியோடு வந்திருப்பார்கள். "போன முறை வாங்கின பாவல் காய்ச்சதோ?" என்று தொடங்குகிற கதை, ஊரில் யாருடைய வளவில் எந்த மரம் நின்றது என்பதில் போய் முடியும். ஆறு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த சனத்துக்கு அது கொடியேற்றம் மாதிரி. அந்த ஒரு காலைக்காக நீங்கள் பேஸ்மென்டில் விளக்குக் கட்டி, இரண்டு மாதம் நாற்றுகளுக்குக் காவல் இருப்பதும் எனக்குத் தெரியும். ஆகவே இதைக் குறை சொல்லும் கடிதமாக எடுக்க வேண்டாம். சரி, கொஞ்சம் குறையும் இருக்கிறது.

போன வருடம் அம்மா உங்களிடம் பன்னிரண்டு கத்தரிக் கன்று வாங்கினார். தண்டு தடித்த, இலை கரும்பச்சையான, அருமையான கன்றுகள். வீட்டுக்கு வந்ததும் மத்தியானச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டுப் பின்வளவுப் பாத்தியில் நட்டார். அன்று நல்ல வெயில். செவ்வாய் இரவு உறைபனி விழுந்தது. புதன் காலையில் பார்த்தால் பன்னிரண்டும் கொதிதண்ணீர் ஊற்றியது போலக் கறுத்துத் தொங்கின. அம்மா ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "என்ரை கைராசி போட்டுது பிள்ளை" என்றார். யாழ்ப்பாணத்து நீர்வேலிச் செம்மண்ணில் விடியப்புறம் எழும்பித் தண்ணீர் கட்டி வளர்ந்த மனுசி, கத்தரி நடத் தெரியாதவர் ஆகிவிட்டார்.

அவருடைய கையில் பிழையில்லை. நீங்கள் விற்ற தேதியில்தான் பிழை.

விக்ரோரியா தின நீண்ட வார இறுதிக்கு முன்னால் கன்று நடக் கூடாது என்பது ரொறன்ரோக்காரரின் பழைய கணக்கு. அந்தத் திங்கட்கிழமை மே 25க்கு முந்தியது, அதாவது 18க்கும் 24க்கும் இடையில் வரும். ஏரிக்கரைப் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் துணியலாம். வடக்கே மார்க்கம் நகர்ப் பக்கம் போனால் இன்னும் பொறுக்க வேண்டும். உறைபனி நின்றுவிட்டால் மட்டும் கத்தரிக்குப் போதாது. இரவில் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் செடி சாகாது, ஆனால் முறுகிக்கொண்டு அப்படியே நிற்கும். வேர் ஓடாது, இலை மஞ்சள் பற்றும். மே நடுவில் நட்டுத் தப்பிப் பிழைத்த கன்றை, யூன் முதல் வாரம் நட்ட கன்று முந்திப் போனதை என் வளவிலேயே பார்த்திருக்கிறேன். மிளகாய்க்கும் பாவலுக்கும் புடலுக்கும் இதே குணம்தான்.

இன்னொன்று, விளக்கின் கீழ் வளர்ந்த பிள்ளைக்கு வெயிலும் காற்றும் தெரியாது. முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் என்று 7 முதல் 10 நாள் வெளிக்குப் பழக்கினால்தான் தாங்கும். உங்களில் சிலர் பழக்கித்தான் கொண்டு வருகிறீர்கள், சிலர் சனிக்கிழமை காலையில்தான் பேஸ்மென்டிலிருந்து தூக்கி வருகிறீர்கள். மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது வாங்குகிற ஆச்சிக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்?

ஆகவே என் கோரிக்கை, விற்பனையை இரண்டாக்குங்கள். எதை எப்போது விற்பது என்பதற்குப் பெரிய அட்டவணை வேண்டாம், ஊர்க் கணக்கே போதும். குளிரான மலைநாட்டு நுவரெலியாவில் விளைவதை மே முதல் சனிக்கிழமை விற்கலாம். கோவா (முட்டைக்கோஸ்), நோக்கோல், லீக்ஸ் எல்லாம் லேசான பனிக்குப் பயப்படாது. யாழ்ப்பாணத்தில் விளைவது யூன் முதல் சனிக்கிழமை வரை பொறுக்கட்டும்.

இதற்கு உங்கள் பக்கம் ஒரு மறுப்பு இருக்கும், அது நியாயமானதும்தான். யூன் வரை வைத்திருந்தால் கன்று கோப்பைக்குள் வேர் சுற்றிக் கிழண்டிப் போகும், இடமும் காணாது. அதற்கு விதையைப் பிந்திப் போடுவதுதான் வழி. கத்தரிக்கு எட்டு வாரம் போதும், ஏப்ரல் முதல் வாரம் போட்டால் யூனுக்குச் சரியாக வரும்.

வெண்டியைக் கன்றாக விற்பதை விட்டுவிடுங்கள் என்றும் கேட்பேன். அதற்கு ஆணிவேர். கோப்பையிலிருந்து உருவும்போது அது அறுந்தால் பிறகு செடி தலையெடுக்க நாள் எடுக்கும். யூனில் மண் சூடேறிய பிறகு ஒரு கடதாசிப் பையில் பத்து விதை போட்டுக் கொடுங்கள், முதல் நாள் இரவு ஊறவைத்து நேரே பாத்தியில் ஊன்றச் சொல்லுங்கள். பயிற்றைக்கும் அதுவே. ஒரு டொலர் வாங்கினாலும் சனம் கோவிக்காது.

இனி அவரைக் கதை. மூன்று வருடத்துக்கு முன் உங்களிடம் வாங்கிய அவரை எங்கள் வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தாவின் கராஜ் கூரை வரை போனது. இலை, இலை, இலை. பூ வந்தது செப்டெம்பர் கடைசியில். பிஞ்சு பிடிக்கும்போது உறைபனி வந்துவிட்டது. அம்மா உரம் கூடிப் போச்சு என்றார், தாத்தா தண்ணீர் கூடிப் போச்சு என்று சைகையால் காட்டினார். பிறகுதான் விளங்கியது: அவரையின் பல நாட்டு இனங்கள் பகல் குறுகினால்தான் பூக்கும். யாழ்ப்பாணத்தில் வருடத்தின் நீண்ட பகலே 12 மணி 40 நிமிடம் அளவுதான். இங்கே யூன் 21 அன்று ஏறத்தாழ 15 மணி 25 நிமிடம். செடி தன் பாட்டுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று நினைத்துக் கொடி ஓடிக்கொண்டிருக்கிறது, அதைக் குற்றம் சொல்லி என்ன? சிறகவரை இதைவிட மோசம். பகல் நீளத்தைப் பார்க்காமல் பூக்கும் இனங்களும் உண்டு. யாராவது ஒருவருடைய வளவில் ஓகஸ்டிலேயே காய்த்த அவரை இருந்தால் அந்த விதையை மட்டும் எடுத்து நாற்றுப் போடுங்கள். அதோடு கோப்பையில் "அவரை" என்று மட்டும் எழுதாமல் "ஸ்காபரோவில் ஓகஸ்டில் காய்த்தது" என்றும் எழுதுங்கள். அந்த ஒரு வரிக்காக நான் இரட்டை விலை கொடுப்பேன்.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோப்பையில் வளர்த்த நாற்றில் பயமில்லை. சிலர் வளவிலிருந்து புதினாவை மண்ணோடு கிண்டிப் பையில் கட்டிக் கொண்டு வருகிறார்கள். ஆசியாவிலிருந்து வந்த துள்ளும் மண்புழு இப்போது ஒன்ராறியோவிலும் சில இடங்களில் இருக்கிறது. தொட்டால் பாம்புக்குட்டி போலத் துடிக்கும், மேல்மண்ணைக் கோப்பித்தூள் மாதிரி உதிரியாக்கிவிடும். பெரிய புழுக்கள் குளிரில் செத்தாலும் அதன் முட்டைக்கூடு மண்ணுக்குள் தப்பி இருக்கும், கண்ணுக்கும் எளிதில் தெரியாது. ஆகவே வளவில் கிண்டியது எதுவானாலும் வேரைக் கழுவி, கடையில் வாங்கிய புது மண்ணில் வைத்து விற்க வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள். புதினா செத்துப் போகும் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். புதினாவைக் கொல்ல நானே முயன்று தோற்றிருக்கிறேன்.

கறிவேப்பிலையின் விலையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அதைத் தரையில் நட வேண்டாம், சாடியில் வைத்துச் செப்டெம்பர் முடிய முதல் உள்ளே எடுங்கள் என்று மட்டும் வாங்குகிறவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். உள்ளே எடுத்த பிறகு இலை கொட்டினால் செத்துவிட்டது என்று குப்பையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரைக் குறைத்துப் பொறுத்திருந்தால் பெரும்பாலும் வசந்தத்தில் திரும்பத் துளிர்க்கும்.

இரண்டாவது விற்பனைக்கு இடமும் ஆளும் வேண்டும் என்பீர்கள். எங்கள் கராஜைத் தருகிறேன், மே கடைசி வாரம் முழுக்கக் கன்றுகளை வெளியே வைத்து உள்ளே எடுக்கும் வேலையையும் நான் பார்க்கிறேன். ஏப்ரல் முதல் வாரம் விதை போட வேண்டுமென்றால் மார்ச் கூட்டத்திலேயே நீங்கள் முடிவெடுக்க வேண்டும், அதற்காகத்தான் இப்போதே எழுதுகிறேன். அம்மா யோகட் கோப்பைகளைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு அடுக்கத் தொடங்கிவிட்டார். நேற்று எண்ணிப் பார்த்தேன், அறுபத்து நாலு.

இப்படிக்கு,
கடைசி மேசையில் கறிவேப்பிலைக்கு விலை பேசித் தோற்றவள்
ஸ்காபரோ